578ஆம் குறளுக்கு வாருங்கள்!

நடுவர் அவர்களே, பெங்களூர் அல்சூர்ச் சொந்தங்களே, வணக்கம். ஆள் வைத்து வேலை வாங்குகிறவருக்கு முதலில் வேண்டியது இரக்கமா, விவேகமா? இதுதான் இன்றைய கேள்வி. எதிரணி நண்பர், இரக்கத்தைப் பேசுகிற திருக்குறளின் 'கண்ணோட்டம்' அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, இரக்கமே என்று முழங்கிவிட்டுப் போனார். நானும்தான் கைதட்டினேன்.

ஆனால் பாருங்கள், இந்த ஊர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையாக 18 வருடம் மூடியபடியே நின்றார். 2009 ஆகஸ்டில்தான் திரை விலகியது. நண்பரோ அந்த அதிகாரத்தில் பாதியை இன்னும் திறக்கவே இல்லை. 578 என்ன சொல்கிறது? "கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்துஇவ் வுலகு." வல்லார் என்கிறார் ஐயா! கண் கலங்க யாராலும் முடியும். வேலை கெடாமல் இரங்குவதற்குத்தான் வல்லமை வேண்டும்.

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இருந்தேன். பெயர் வேண்டாம். கம்ப்யூட்டரில் எண் கொடுத்து உலோகம் வெட்டுகிற சிஎன்சி மெஷின் ஓட்டுகிற ஒருவர், மகளின் பள்ளி ஃபீஸுக்காக ஓ.டி. கேட்டார். சூப்பர்வைசர் தங்கமான மனிதர். மூன்று நாள் தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் போட்டுக் கொடுத்தார். மூன்றாம் நாள், விடியற்காலை மூன்று மணி. ஆஃப்செட்டில், அதாவது வெட்டுகிற டூலின் நிலையைத் திருத்துகிற எண்ணில், 0.5 என்று அடிக்க வேண்டிய இடத்தில், தூக்கக் கலக்கத்தில் புள்ளியை விட்டு 5 என்று அடித்துவிட்டார். டூல் நாலரை மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியது. டூல் நுனியில் இருக்கிற வெட்டுத் துண்டான இன்சர்ட் உடைந்து தெறித்து, மெஷின் கதவுக் கண்ணாடியில் சிலந்தி வலை போல விரிசல். விரிசலுக்கு நேர் பின்னால் அவருடைய முகம்.

கண்ணோட்டம் பேச, முதலில் கண் மிஞ்ச வேண்டாமா, நடுவர் அவர்களே? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம் என்று கோடு போட்டதே, அது கல்நெஞ்சாலா?

அடுத்த ஜூனில் வேறு சூப்பர்வைசர். அதே ஆபரேட்டர், அதே ஃபீஸ். "ஓ.டி. எல்லாம் கிடையாதுப்பா, வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு கேன்டீனில் அந்த சூப்பர்வைசருக்கு வைத்த பட்டப்பெயரைச் சபையில் சொல்ல முடியாது. மறுநாள் அவரே ஆபீஸில் பேசி, மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்தார். ஃபீஸ் ரசீதை ஆபரேட்டர் கேன்டீனில் எல்லோரிடமும் காட்டினார். பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தப் பட்டப்பெயர்க்காரர் பக்கம்தான் நான். நன்றி, வணக்கம்.