எழுதியவருக்குச் சேர வேண்டியது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்த கையோடு இந்தக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்திற்கு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். நூல்களையும் படங்களையும் இணையத்தில் இலவசமாகப் பகிர்வது தமிழை வளர்க்கிறதா, தமிழ்ப் படைப்பாளியை வீழ்த்துகிறதா என்பது இன்றைய தலைப்பு. வீழ்த்துகிறது என்பதே எங்கள் அணியின் வாதம். ஹாலிவுட்டைப் பற்றியும் சென்னையின் பெரிய படநிறுவனங்களைப் பற்றியும் எதிரணியினர் நிறையவே பேசிவிட்டார்கள். நான் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஈப்போவிலும் சொந்தக் காசைப் போட்டு நூல் வெளியிடும் நம் மலேசிய எழுத்தாளரை முன்னிறுத்திப் பேச விரும்புகிறேன்.

எதிரணியின் முதல் பேச்சாளர் உ.வே. சாமிநாத ஐயரைத் துணைக்கு அழைத்தார். ஏடுகளைப் படியெடுக்காமல் இருந்திருந்தால் சங்க இலக்கியம் நமக்குக் கிடைத்திருக்குமா என்று கேட்டார். கிடைத்திருக்காது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஐயர் படியெடுத்தவை, எழுதியவர் மறைந்து பல நூற்றாண்டுகள் கடந்து, கரையானுக்கும் நெருப்புக்கும் இரையாகிக்கொண்டிருந்த ஏடுகள். அவற்றை அவர் எப்படி அச்சில் ஏற்றினார் என்பதையும் நண்பர் சொல்லியிருக்க வேண்டும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க அவரிடம் பணம் இல்லை. தமிழன்பர்களிடம் கையொப்பம் திரட்டினார். கையொப்பம் என்றால், நூல் வெளிவருமுன்பே அதை வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டு ஆதரவு தருவது. அப்படிக் கைகொடுத்த வாசகர்கள் இருந்ததால்தான் தாள் வாங்க முடிந்தது, அச்சுக்கூடத்திற்குக் கூலி கொடுக்க முடிந்தது, அடுத்து பத்துப்பாட்டுக்கும் சிலப்பதிகாரத்திற்கும் புறநானூற்றுக்கும் போக முடிந்தது. ஐயரின் வாழ்க்கை எங்கள் அணிக்கே சான்று.

பாரதி எல்லாருக்கும் சொந்தம் என்றார் அடுத்து வந்த நண்பர். ஆம், சொந்தம். அது எப்படிச் சொந்தமாயிற்று? பாரதியின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை படத்தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அவர் அதை விட்டுக்கொடுத்தார். கவிஞரின் குடும்பத்தினருக்கு அரசு பணம் வழங்கியது. 1949இல் தொடங்கிய அந்த முயற்சியின் வழியாகவே படைப்புகள் மக்கள் கைக்கு வந்தன. இன்றும் தமிழக அரசு ஓர் எழுத்தாளரின் நூல்களை நாட்டுடைமை ஆக்கும்போது வாரிசுகளுக்குப் பரிவுத் தொகை வழங்குகிறது. உரிமையாளர் யார் என்று கேட்டு, அவர் இசைவைப் பெற்று, அவருக்குச் சேர வேண்டியதைச் சேர்த்த பிறகுதான் பாரதி பொதுவுக்கு வந்தார். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நள்ளிரவில் வந்து விழும் பிடிஎஃப் கோப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு இருக்கிறது?

அந்தக் கோப்பு ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அண்மையில் என் கைப்பேசிக்கு வந்தது இந்நாட்டு எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பு. யாரோ ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படமெடுத்திருக்கிறார். சில பக்கங்களின் ஓரத்தில், தாளை அழுத்திப் பிடித்த கட்டைவிரல் தெரிகிறது. முதற்பக்கத்தில் நீல மையில் "அன்புடன்" என்று எழுதி ஆசிரியர் கையொப்பமிட்டிருக்கிறார். அதாவது வெளியீட்டு விழாவில் வரிசையில் நின்று, எழுத்தாளரின் கையாலேயே பெற்றுக்கொண்ட படி அது. அதற்கு மேலே, பலமுறை பகிரப்பட்டது என்ற குறிப்பு. பகிர்ந்தவர் தீயவர் அல்லர். நல்ல கதைகளை நாலு பேர் படிக்கட்டும் என்றே எண்ணியிருப்பார். அதனால்தான் இதைப் பற்றிப் பேசியாக வேண்டியிருக்கிறது, நடுவர் அவர்களே.

நம் நாட்டில் தமிழ் நூலொன்றை 500 படிகள் அச்சிடுவதே துணிச்சலான செயல். நூலுக்கு 25 வெள்ளி, அதாவது ரிங்கிட், விலை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்பைப் பெற்றவர்களில் 100 பேர் மட்டும் வாங்காமல் நின்றுவிட்டால் 2,500 வெள்ளி போயிற்று; பெரும்பாலும் அதுதான் அடுத்த நூலுக்கான முன்பணம். பத்து இலட்சம் பேர் வாங்கும் மொழியில் நூறு பேர் விலகினால் யாருக்கும் தெரியாது. ஐந்நூறு படி விற்கும் இடத்தில் நூறு என்பது ஐந்தில் ஒரு பங்கு. ஒரு கோப்பைப் படியெடுப்பதால் மூல நூல் குறைந்துவிடுவதில்லை, எனவே யாருக்கும் இழப்பில்லை என்று எதிரணியினர் வாதிட்டதற்கு இந்தக் கணக்கே விடை. மூல நூல் அலமாரியில் அப்படியேதான் இருக்கும், விற்காமல்.

அடுத்து, பணக்கார நிறுவனங்களிடமிருந்துதானே எடுக்கிறோம் என்ற வாதம். திருட்டு ஒளிபரப்பைத் தரும் ஆண்ட்ராய்டு பெட்டியை வாங்குபவர் கடைக்காரருக்குப் பணம் கொடுக்கிறார். ஓராண்டு முடிந்து படம் நின்றதும், சந்தாவைப் புதுப்பிக்க மறுபடியும் கொடுக்கிறார். அந்தப் பணத்தில் ஒரு காசுகூட நடிகருக்கோ ஒளிப்பதிவாளருக்கோ இங்கே சிறு முதலீட்டில் படமெடுக்கும் நம் இளைஞருக்கோ போவதில்லை. ஆகவே இதை இலவசம் என்று சொல்வதே தவறு. மக்கள் விலை கொடுக்கத் தயாராகவே இருக்கிறார்கள். விலை ஆள்மாறிப் போய்ச் சேருகிறது. இந்த இடைத்தரகரைத்தான் 2022இல் திருத்தப்பட்ட நமது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் குறிவைக்கிறது. திருட்டு ஒளிபரப்புக்கான கருவியையோ செயலியையோ தயாரித்து, இறக்குமதி செய்து, விற்று, வாடகைக்கு விட்டுப் பிடிபடுபவருக்கு 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 20 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க அதன் 43ஏஏ பிரிவு இடமளிக்கிறது. குறுந்தட்டுக் காலத்தில் கடையில் புகுந்து மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்ய முடிந்தது. 2007இல் தட்டுகளை மோப்பம் பிடிக்க லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு நாய்களைக்கூட இங்கே கொண்டுவந்தார்கள். இன்று பறிமுதல் செய்யத் தட்டே இல்லாத நிலையில், விற்பவரையும் வழங்குபவரையும் சட்டம் நேராகப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எதிரணியின் வாதங்களில் ஒன்றை நான் மதிக்கிறேன். சென்னையில் வெளிவரும் நூல் இங்கே வந்து சேர்வதற்குள், நூலின் விலையைவிட அஞ்சல் செலவு கூடிவிடுகிறது, தோட்டப்புறத்து மாணவன் என்ன செய்வான் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் எல்லாக் கதவுகளையும் சாத்திவைத்திருப்பது போலச் சித்தரிப்பது சரியன்று. ஆய்வுக்கும் சொந்தப் படிப்புக்கும் திறனாய்வுக்கும் செய்திக்கும் நியாயமான அளவில் எடுத்தாள அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் தருகிறது. பார்வைக் குறையுடையோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்கித் தரவும் 2022 திருத்தம் வழிசெய்தது. ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் ஆனபின் நூல் எல்லாருக்கும் உரியதாகிவிடுகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் இலக்கியங்களை இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது. திருக்குறளுக்கும் தேவாரத்திற்கும் அந்த மாணவன் எவருக்கும் ஒரு காசு தர வேண்டியதில்லை. வாழும் எழுத்தாளரிலும் தம் நூலைத் தாமே இணையத்தில் இலவசமாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது கொடை, கொடுக்கும் உரிமை அவரிடம் இருப்பதால்தான் அது கொடையாகிறது.

நிறைவாக, எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது ஒன்று. எழுதி முடித்த கணமே பதிப்புரிமை எழுத்தாளருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்யக்கூடத் தேவையில்லை. விரும்பினால் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் அறிவிக்கை செய்து சான்று பெறலாம். வழக்குத் தொடுத்தால், இழப்பைக் காசுக் கணக்கில் காட்ட இயலாதவருக்கும் ஒரு படைப்புக்கு 25,000 ரிங்கிட் வரை நீதிமன்றம் வழங்கலாம். இவ்வளவும் கையில் இருந்தும் நம் எழுத்தாளர் வாய் திறப்பதில்லை. ஏன்? பகிர்ந்தவர் அவருடைய சங்கத்துத் தோழர், அல்லது பழைய தலைமையாசிரியர், அல்லது உறவுக்காரர். "ஐயா, அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள்" என்று குழுவில் ஒரு வரி எழுதினால், "தமிழுக்குச் செய்கிற தொண்டில் காசு பார்க்கிறாரே" என்று அடுத்த வரி வரும். அதற்கு அஞ்சி அவர் குழுவை விட்டு விலகிவிடுகிறார். இரண்டாம் நூலின் கையெழுத்துப் பிரதியை அலமாரியில் வைத்துவிடுகிறார். வாசகரும் எழுத்தாளரும் ஒரே திருமணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரும் சிறிய சமூகம் நம்முடையது. இங்கே அமைச்சின் அதிகாரியோ நீதிமன்றமோ அவருக்காக முன்வந்து பேசப்போவதில்லை. எனவேதான் நடுவர் அவர்களிடம் நான் கேட்பது: தம் நூலுக்கு விலை கேட்கும் எழுத்தாளர் தமிழுக்குத் துரோகம் செய்யவில்லை என்று இந்த அவையில், இந்த ஒலிவாங்கியில், உங்கள் தீர்ப்பில் சொல்லுங்கள். நாளை குழுவில் அந்த ஒரு வரியை எழுத அவருக்கு அது போதும்.

நன்றி, வணக்கம்.