கோடைக்கால ஆய்வுப் பயிற்சி: ஐப்பசி மழையிலேயே தொடங்கும் வேலை

(திரையில்: மணவாளக்குறிச்சிக் கடற்கரை. அலை வடிந்த ஈர மணலில் கருங்கோடுகள்.)

வணக்கம். குமரி மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் இளநிலை படிக்கும் மாணவர்களுக்காகவும், பிள்ளையை இரண்டு மாதம் வெளியூருக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காகவும் இந்த வீடியோவைத் தயாரித்திருக்கிறேன். கோடை விடுமுறையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஆறு முதல் எட்டு வாரம் வரை தங்கி, ஒரு விஞ்ஞானியின் வழிகாட்டுதலில், விடை இன்னும் தெரியாத ஒரு கேள்வியின் மீது வேலை செய்வதுதான் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி. கல்லூரி ஆய்வகத்தில் நாம் செய்யும் சோதனைகளுக்கு விடை முன்பே ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது. அங்கே அப்படி இருக்காது.

பெயரில்தான் கோடை. விண்ணப்ப வேலை ஐப்பசி மழையிலேயே தொடங்கிவிடுகிறது. நான் படித்த காலத்தில், இப்படி ஒரு திட்டத்தின் அறிவிப்பு எங்கள் துறைப் பலகைக்கு வந்து சேர்ந்தபோது கடைசித் தேதி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தகுதி இருந்தும் தகவல் பிந்தியதால் வாய்ப்பை இழப்பது இன்றும் நம் மாணவர்களுக்கு நேர்கிறது என்பதே என் கவலை.

(திரையில்: நாட்காட்டியின் நவம்பர் பக்கம்.)

நாடு முழுவதற்குமான திட்டங்களில் முதலில் சொல்ல வேண்டியது, மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம். சர் சி.வி.ராமன் 1934-இல் பெங்களூருவில் நிறுவிய இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸும், புது டெல்லியிலும் பிரயாக்ராஜிலும் உள்ள மற்ற இரண்டு அகாடமிகளும் இதை நடத்துகின்றன. இதற்கு நுழைவுத்தேர்வு கிடையாது. உங்கள் மதிப்பெண்கள், ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், ஏன் இந்தப் பயிற்சியை விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் சிறு குறிப்பு ஆகியவற்றைப் பார்த்தே தேர்வு செய்கிறார்கள். தேர்வானவர்களுக்கு உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பரிலேயே முடிந்துவிடும்.

பெங்களூருவில் 1989-இல் தொடங்கப்பட்ட ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையமும், மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், சென்னை ஐ.ஐ.டி.யும் தத்தமக்கெனத் தனித் திட்டங்கள் வைத்திருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் திட்டம் பொறியியலில் இறுதியாண்டுக்கு முந்தைய ஆண்டில் படிப்போருக்கு ஏற்றது. கணித மாணவர்கள் 1993 முதல் நடந்துவரும் எம்.டி.டி.எஸ். (Mathematics Training and Talent Search) என்ற கோடைக்காலக் கணிதப் பயிற்சி முகாமைத் தவறவிட வேண்டாம்.

பெங்களூருவும் மும்பையும் தொலைவு என்று தயங்குவோருக்கு நம் மாவட்டத்தின் இருப்பிடமே பெரிய வசதி. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் உள்ள திருவனந்தபுரத்தின் பாப்பனங்கோட்டில் மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தைச் (சி.எஸ்.ஐ.ஆர்.) சேர்ந்த ஆய்வு நிறுவனமான நிஸ்ட் (NIIST), வலியமலையில் விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், விதுராவில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான ஐசர் (IISER), நகருக்குள்ளேயே ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையம் ஆகியவை இருக்கின்றன. இத்தகைய இடங்களுக்குப் பொது அறிவிப்பு மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். விஞ்ஞானி ஒருவருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதி, அவர் இசைந்தபின் கல்லூரிக் கடிதத்தோடு முறைப்படி விண்ணப்பிப்பதும் வழக்கம்தான்.

(திரையில்: கணினியில் ஒரு மின்னஞ்சல் வரைவு.)

அந்த மின்னஞ்சலில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ஒரு மாணவி என்னிடம் காட்டிய முதல் வரைவு, "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்று தொடங்கியது. அதே வாசகத்தை நாற்பது பேருக்கு அனுப்ப அவர் எண்ணியிருந்தார். எந்த ஆய்வில் ஆர்வம் என்று கேட்டேன், பதில் இல்லை. பிறகு, அவர் வீட்டுப் பக்கத்துக் கடற்கரையைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் ஆகிய கனிமங்கள் இருப்பது நமக்குத் தெரியும். அலை வடியும்போது, அடர்த்தி குறைந்த வெண்மணல் அடித்துச் செல்லப்பட, கனமான கருமணல் கோடு கோடாகத் தங்கிவிடுகிறது. அவர் சிறுவயதில் ஸ்பீக்கர் காந்தத்தை அந்தக் கருங்கோட்டின் மேல் ஓட்டி விளையாடியிருக்கிறார். சில மணிகள் தாவி ஒட்டிக்கொண்டன. அதே கறுப்பில் இருந்த பல மணிகள் அசையவே இல்லை.

இரண்டாம் வரைவு அந்த அசையாத மணிகளிலிருந்து தொடங்கியது. மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத்தைப் போல் இல்மனைட் ஏன் காந்தத்துக்கு வலுவாக ஈர்க்கப்படுவதில்லை, அந்த வேறுபாட்டைக் கனிமங்களைப் பிரிக்க எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு, அந்த விஞ்ஞானியின் ஒரு கட்டுரையில் தனக்குப் புரிந்த பகுதியையும் புரியாத பகுதியையும் சொல்லி, பத்து வரியில் முடித்திருந்தார். இப்படிப்பட்ட கடிதத்தைப் படிப்பவர் எழுதியவரை மறக்க மாட்டார். உங்கள் வீடு ஆரல்வாய்மொழியில் இருந்தால், கணவாய்க்குள் புகும் தென்மேற்குப் பருவக்காற்று ஏன் அங்கே வேகமெடுக்கிறது என்ற கேள்வி உங்களுக்காகக் காத்திருக்கிறது. தேரூர்க் குளத்தருகே வளர்ந்தவருக்குப் பறவைகள் இருக்கின்றன.

ஆங்கிலம் தடுமாறும் என்ற அச்சம் பலருக்கும் உண்டு. சரக்கல்விளை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த கே.சிவன்தான் பின்னாளில் இஸ்ரோவின் தலைவரானார். எளிய ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதிய பத்து வரி போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தங்குமிடம் எங்கே, பெண்பிள்ளைகளுக்குத் தனி விடுதி உண்டா, இரவில் ஆய்வகத்திலிருந்து விடுதிக்கு எப்படித் திரும்புவது என்பதையெல்லாம் நிறுவனத்தின் அலுவலகத்திலேயே தயங்காமல் கேளுங்கள். பணம் கட்டினால் சான்றிதழ் தருகிறோம் என்று வரும் வாட்ஸ்அப் விளம்பரங்களுக்கும் நான் சொல்லும் திட்டங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

(திரையில்: தேர்வு அட்டவணை.)

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். பல்கலைக்கழகத் தேர்வுகள் சில ஆண்டுகளில் மே இறுதிவரை நீள்வதால், பயிற்சி தொடங்கும் நாளோடு மோதக்கூடும். தேர்வானதும் வழிகாட்டிக்கு எழுதி, சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள், பலர் இசைவார்கள். பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியருக்கு இரண்டு வாரமாவது அவகாசம் தேவை என்பதால், அக்டோபர் முதல் வாரத்தில் மதிப்பெண் பட்டியலோடும் உங்கள் குறிப்பின் வரைவோடும் அவரைப் போய்ப் பாருங்கள்.