வராதவர்களை யார் எண்ணுவது?

நேயர்களுக்கு வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆய்வு செய்வது ஏன், எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

1961-இல் கெர் வைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்க, பிரிட்டன் தரவுகளை வைத்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வயது வந்த 1,000 பேரில் ஒரு மாதத்துக்குள் 750 பேருக்கு ஏதாவது ஓர் உடல்நலக் குறை வருகிறது. 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போவது ஒரே ஒருவர். ஆனால் மருத்துவ அறிவு பெரும்பாலும் உருவாவது அந்த ஒருவர் படுத்திருக்கும் கட்டிலருகில்தான்.

அதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். ஒரு பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கிறது, நோய் இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விலக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய மருத்துவமனைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு அந்த நோய் இருக்கிறது. அங்கே முடிவு 'உண்டு' என்று வந்தால் பத்துக்கு ஒன்பது உண்மை. அதே பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள். இங்கே 1,000 பேரில் 20 பேருக்குத்தான் நோய். அவர்களில் 18 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 980 பேரில் 98 பேருக்கும் 'உண்டு' என்றே வரும். ஆக 116 பேரை மேல்சிகிச்சைக்கு அனுப்பினால், அதில் 18 பேருக்குத்தான் நோய். கருவி மாறவில்லை, ஆள் கூட்டம் மாறிவிட்டது. எனவே ஆரம்ப சுகாதாரத்துக்கான கேள்விக்கு அங்கேயே விடை தேட வேண்டியிருக்கிறது.

இதற்கு முன்மாதிரி தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம், 1956-இல் சென்னையில் அமைந்த ஆய்வு மையம். காசநோய் என்றால் சானடோரியம் எனப்படும் தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பதுதான் அக்கால நம்பிக்கை. அந்த மையம் ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும், மற்றவர்களை நெருக்கடியான தங்கள் வீடுகளிலுமே வைத்து, ஒரே மாத்திரைகளைக் கொடுத்து ஓராண்டு பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு உலகின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. கேட்ட கேள்வி எளிமையானது: கட்டில் இல்லாத ஊரில் என்ன செய்வது?

2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் அந்த வழியில் வந்ததுதான். எக்ஸ்ரே இல்லாத இடத்திலும் பார்க்கக்கூடியவை ஐந்து: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்த ஆக்சிஜன் அளவு, பிடிப்பின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பது. இவற்றை வைத்து, உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவரை நோய் கண்டறிந்த இடத்திலேயே பிரித்தெடுக்கிறார்கள்.

இனி, இன்றைய பெரும் வேலையான பிரஷருக்கும் சுகருக்கும் வருவோம். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு மாத்திரை வீட்டுக்கே போகிறது. தரவும் குவிகிறது. 'தரவு இல்லை' என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: நிலையத்தின் பதிவு நோட்டில் இருப்பது வந்தவர்களின் கணக்கு.

ஓர் உதாரணக் கணக்கு. சமவெளியில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 மக்கள் என்பது அரசு அளவுகோல். அதில் 5,000 பேருக்கு ரத்த அழுத்தம் இருக்கலாம். பதிவானவர்கள் 2,000 பேர். கடந்த மூன்று மாதத்தில் வந்தவர்கள் 1,200 பேர். அதில் 840 பேருக்கு 140/90-க்குக் கீழே இருக்கிறது. வந்தவர்களை வைத்துப் பார்த்தால் 70 சதவீதம் கட்டுப்பாடு, கைதட்டலாம். பதிவானவர்களை வைத்தால் 42. ஊரை வைத்தால் 17-ஐத் தொடாது. மூன்றும் பொய்யல்ல. எந்த எண்ணால் வகுத்தோம் என்று எழுதாமல் விடுவதுதான் தவறு. அறிக்கைகளில் அது அடிக்கடி விட்டுப்போகிறது, பெரும்பாலும் அழகான எண் வந்த இடத்தில்.

இனி அந்த 840-ஐயே நம்பலாமா? ரத்த அழுத்தம் பார்க்குமுன் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது, பேசக் கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். கை தொங்கினால் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 2 புள்ளி கூடும். தடித்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினாலும் கூடும். காலை ஒன்பது மணிக்கு வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது ஐந்து நிமிட ஓய்வுக்கு நாற்காலி எங்கே? இதைச் செவிலியரின் அலட்சியம் என்று எழுதுவது சுலபம். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை முறைப்படி பார்க்க முடியும் என்று கடிகாரம் வைத்து அளப்பதுதான் ஆய்வு.

அளவீட்டின் தரத்தைச் சோதிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. நோட்டிலிருந்து தொடர்ச்சியாக 100 பேரின் மேல் அழுத்த எண்ணை (140/90 என்றால் 140) எடுத்து, கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணுங்கள். டிஜிட்டல் கருவி என்றால் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் சுமார் 10 தடவை வர வேண்டும். சுழி மட்டும் 60 தடவை வந்தால் கருவி சொன்னதை யாரோ முழு எண்ணாக்கி எழுதியிருக்கிறார்கள். 138-உம் 136-உம் மலிந்து, 140-உம் 142-உம் அரிதானால் இன்னும் கவலை: அங்கே எண்ணை எழுதுவது கருவியல்ல, 140-க்குக் கீழே காட்ட வேண்டும் என்ற இலக்கு.

சுகரிலும் இதே கதை. ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி திறந்தே கிடந்தால் ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் கெடும். 'சாப்பிடவில்லை' என்றவர் பால் காபி குடித்திருப்பார். அதை யாரும் உணவாக நினைப்பதில்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனைக்குப் போனால், இரும்புச்சத்துக் குறைவு அந்த எண்ணைக் கூட்டிக் காட்டக்கூடும். பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ள மாநிலத்தில் இது சின்ன விஷயமில்லை.

கேள்வித்தாளின் மொழியும் ஒரு கருவிதான். 'இளைப்பு இருக்கிறதா?' என்று கேட்டால் ஒருவர் மூச்சு வாங்குவதைச் சொல்வார், இன்னொருவர் உடல் மெலிந்ததைச் சொல்வார். காசநோய் ஆய்வில் இரண்டுமே வேண்டும், ஆனால் தனித்தனியாக. அச்சடிக்குமுன் பத்துப் பேரிடம் கேள்வியைப் படித்துக்காட்டி, 'நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள்?' என்று கேட்டாலே பாதிப் பிழை தெரிந்துவிடும்.

புள்ளியியலில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரே நிலையத்து நோயாளிகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள்: அதே மருத்துவர், அதே மாத்திரை இருப்பு. 0 முதல் 1 வரையான அளவில் அந்த ஒப்புமை 0.05 என்றும், நிலையத்துக்கு 20 பேர் என்றும் கொண்டால், ஆய்வுக்குத் தேவையான ஆட்களின் எண்ணிக்கை 1.95 மடங்காகும். 400 போதும் என்று நினைத்தவர் 780 பேரைத் திரட்ட வேண்டும். நிலையத்துக்கு ஆட்களைக் கூட்டுவதைவிட நிலையங்களைக் கூட்டுவதே பலன் தரும்; செலவும் அங்கேதான் ஏறும்.

ஆய்வில் சேர நோயாளியிடம் ஒப்புதல் வாங்குவது தனிச் சிக்கல். மாத்திரை கொடுக்கும் கையே படிவத்தையும் நீட்டினால், 'கையெழுத்துப் போடாவிட்டால் மாத்திரை கிடைக்காதோ' என்று பயந்துதான் போடுவார்கள். மாத்திரையை முதலில் கொடுத்துவிட்டு, வேறொருவர், வேறோர் இடத்தில் கேட்பது நல்லது.

இத்தனைக்கும் பெரிய நிதி வேண்டுமா? முதல் படிக்கு வேண்டாம். மூன்று மாதமாக வராதவர்களின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 300 பெயர் இருந்தால், 1 முதல் 10-க்குள் சீட்டுப் போட்டு ஓர் எண்ணில் தொடங்கி, பத்துக்கு ஒருவராக 30 பேரைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்துத் தெருக்காரர் என்று யாரையும் மாற்றாதீர்கள். அந்தந்தப் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்குப் போய், ஐந்தில் ஒன்றைக் குறிக்கட்டும்: இறந்துவிட்டார், ஊர் மாறிவிட்டார், தனியாரிடம் போகிறார், மருந்தை நிறுத்திவிட்டார், வீட்டிலேயே மாத்திரை வருகிறது ஆனால் நோட்டில் ஏறவில்லை. நிறுத்தியவரிடம் காரணம் கேளுங்கள். போன தடவை 30 நாளுக்குப் பதில் 15 நாளுக்கே கொடுத்தார்களா, ஒரு நாள் கூலி போய்விடும் என்று வரவில்லையா என்பதைச் சேர்த்தே கேளுங்கள். வீடு பூட்டியிருந்தால் வேறு நேரத்தில் இன்னும் இரண்டு முறை போகலாம். மூன்றாம் முறையும் பூட்டியிருந்தால் அந்தப் பெயரை அடித்துவிடாமல், 'ஆள் கிடைக்கவில்லை' என்று ஆறாவது கட்டத்தில் எழுதிவையுங்கள்.

நன்றி, வணக்கம்.