ஓரத்தில் எழுதியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய புத்தகம் சேர்ப்பவர்களில் ஒரு தனிக் கூட்டம் உண்டு. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் அச்சான கிரேக்க, லத்தீன் நூல்களை மட்டுமே தேடி அலைபவர்கள். அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வருகிற பெயர் ஆல்டஸ் மனூசியஸ். வெனிஸ் நகரத்தில் அச்சகம் நடத்தியவர். அடிப்படையில் ஓர் ஆசிரியர். கிரேக்க மூலநூல்கள் படிப்பவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே வேகத்தில் அச்சுத் தொழிலுக்கு வந்தவர்.

1495க்கும் 1498க்கும் இடையில் அரிஸ்டாட்டிலின் கிரேக்க மூலத்தை ஐந்து பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அதுவரை மேற்கு ஐரோப்பாவில் பெரும்பாலோருக்கு அரிஸ்டாட்டில் என்றால் லத்தீன் மொழிபெயர்ப்புதான். நாடகாசிரியர் சோபக்ளீஸ், வரலாற்றாசிரியர்கள் துசிடிடீஸ், ஹெரோடோட்டஸ் மூவரும் 1502ஆம் ஆண்டு ஒன்றிலேயே வந்தார்கள். பிளேட்டோ 1513இல். கையெழுத்துச் சுவடிகளாக மட்டும் இருந்து, ஒரு தீ விபத்தில் அழிந்துபோகக்கூடிய நிலையில் கிடந்த நூல்கள் இவை. முதல்முறையாக நூற்றுக்கணக்கான பிரதிகளாகப் பரவின. சேகரிப்பாளர்கள் இந்த முதற்பதிப்புகளுக்காக உயிரை விடுவதில் வியப்பே இல்லை.

1501இல் ஆல்டஸ் இன்னொன்று செய்தார். ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளைக் கையடக்கமான அளவில், சாய்வெழுத்தில் அச்சிட்டார். அந்த அச்செழுத்தை வெட்டிக் கொடுத்தவர் போலோன்யாவைச் சேர்ந்த பிரான்செஸ்கோ கிரிஃபோ. ஒரு முழுத் தாளை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம். நம் அச்சகங்களில் பாரம் என்கிறோமே, அந்தக் கணக்குத்தான். உரை இல்லை, விளக்கம் இல்லை, மூலம் மட்டும். பயணத்தில் எடுத்துப் போகலாம்.

விற்பனை நன்றாக நடந்தது என்பதற்குப் பெரிய சாட்சி, கள்ளப் பதிப்புகள். பிரான்சில் லியோன் நகரத்து அச்சகக்காரர்கள் அதே அளவு, அதே சாய்வெழுத்து என்று அப்படியே நகலெடுத்து விற்றார்கள். பொறுக்க முடியாத ஆல்டஸ் 1503ஆம் ஆண்டு மார்ச் 16 அன்று ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். என் கண்ணுக்கு, புத்தக வரலாற்றிலேயே மிக உயிரோட்டமான ஆவணங்களில் அது ஒன்று. லியோன் பிரதிகளின் தாள் மட்டமானது, ஒரு கெட்ட வாடை அடிக்கும் என்கிறார். எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நிற்கும் என்கிறார். அச்சிட்டவர் பெயரோ, ஊரோ, ஆண்டோ இருக்காது என்கிறார். அதோடு விடவில்லை, எந்த நூலில் எந்த வரியில் என்ன பிழை என்று பட்டியலே போட்டார். லியோன்காரர்கள் அந்தப் பட்டியலை வைத்துத் தங்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டு அடுத்த அச்சுக்குப் போனார்கள். இன்று அந்தக் கள்ளப் பதிப்புகளுக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். கையில் இருக்கும் பிரதியில் ஆல்டஸ் சொன்ன பிழை இருக்கிறதா, திருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால், அது எச்சரிக்கைக்கு முந்தியதா பிந்தியதா என்று ஊகிக்க வழி பிறக்கும்.

இப்படிப்பட்ட ஒரு புத்தகத்தை எப்படிச் சோதிப்பார்கள்? முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போவார்கள். ஒவ்வொரு பாரத்தின் முதல் தாள்களிலும் அடியில் சிறிதாக ஓர் அடையாள எழுத்து இருக்கும். எந்தெந்த எழுத்துகள், ஒவ்வொன்றிலும் எத்தனை தாள் என்ற கணக்கை ஆல்டஸ் பல நூல்களில் கடைசியில் அச்சிட்டிருக்கிறார். பைண்டருக்காகப் போட்ட கணக்கு அது. அதை வைத்துக்கொண்டு தாள் தாளாகச் சரிபார்த்தால் எது விடுபட்டது என்று தெரிந்துவிடும். பிறகு ஒரு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறியை, அதாவது தாள் செய்யும்போதே அதற்குள் பதிந்த அடையாளத்தைப் பார்ப்பார்கள். வேறு பிரதியிலிருந்து எடுத்துச் செருகிய தாள் என்றால் பெரும்பாலும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

இதுவரை எனக்கு யாரோடும் வழக்கில்லை. அடுத்ததில்தான் என் மனம் ஆறவில்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் பெரும் பணக்காரர்கள் இந்த நூல்களை வாங்கிக் குவித்தார்கள். அவர்களுக்குப் பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும். அதனால் பழைய கட்டைப் பிரித்து, தாள்களைக் கரைசலில் முக்கிக் கழுவி, முன்னூறு ஆண்டுகளாக ஓரத்தில் இருந்த மையெழுத்தை அழித்து, விளிம்பை வெட்டி, புதிய தோல் அட்டை போட்டுப் பொன் பூசினார்கள். ஓரக்குறிப்பு பாதியில் வெட்டுப்பட்டு, சொல்லின் முதல் பாதி மட்டும் நிற்கும் பிரதிகளை இன்றும் நூலகங்களில் பார்க்கலாம்.

அழிக்கப்பட்டது என்ன? கிரேக்கம் கற்றுக்கொண்டிருந்த ஒருவரின் உழைப்பு. ஐசக் கசாபன் என்ற பேரறிஞர் தம் கிரேக்க நூல்களின் ஓரங்களையெல்லாம் எழுதி நிரப்பியவர். 1614இல் லண்டனில் இறந்தார். அவருடைய நூல்கள் பல இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பதால்தான், அவர் எதை எப்படிப் படித்தார் என்று ஆராய முடிகிறது. யாராவது அவற்றைக் கழுவியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் 1504இல் ஆல்டஸ் அச்சிட்ட ஒடிசி, கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியம், ஒன்று இருக்கிறது. ஹோமர் நூல்களாகவே சேர்த்த ஒருவர் கொடையாகத் தந்தது. அதன் பதினோராம் பகுதியில், ஒடிசியஸ் இறந்தவர்களின் உலகுக்குப் போகும் இடத்தில் மட்டும், ஓரங்களில் யாராலும் படிக்க முடியாத கையெழுத்து. 2014இல் அதே கொடையாளர், படித்துச் சொல்பவருக்கு 1000 டாலர் பரிசு என்று அறிவித்தார். இத்தாலியிலிருந்து விடை வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூலோன் டெ தெவனோ என்பவர் உருவாக்கிய பிரெஞ்சுச் சுருக்கெழுத்து அது. 1854 ஏப்ரல் 25 என்ற தேதியும் அதற்குள் இருந்தது. அச்சாகி முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் யாரோ ஒருவர் அந்தப் புத்தகத்தை விரித்துவைத்து, கடினமான கிரேக்கச் சொற்களுக்குப் பொருள் எழுதிக்கொண்டு படித்திருக்கிறார். அந்த மனிதரின் பெயர் தெரியாது. ஆனாலும் சுத்தமான பிரதி பத்து கொடுத்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாக நான் ஏற்க மாட்டேன்.

வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தனித்தாளாக விற்கும் பழைய பக்கங்களை வாங்காதீர்கள். அதற்கு விலை கிடைப்பதால்தான் முழுப் புத்தகங்களைப் பிரிக்கிறார்கள். அட்டை போன பிரதி, தொகுதியில் ஒன்று மட்டும் தப்பிய பிரதி, ஓரமெல்லாம் கிறுக்கிய பிரதி, இவற்றை வாங்குங்கள். வாங்கியதைப் புதிதாகக் கட்டக் கொடுக்காதீர்கள்.

வாங்க முடியாதவர்களுக்கும் வழியிருக்கிறது. மியூனிக்கில் உள்ள பவேரிய அரசு நூலகம் இந்தக் கால நூல்களைப் பெருமளவில் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஒரே பதிப்பின் இரண்டு பிரதிகளை வெவ்வேறு நூலகங்களின் தளத்தில் திறந்து, முதல் பக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள். பத்தியின் தொடக்கத்தில் ஓவியர் வண்ண எழுத்து தீட்டுவதற்காக ஒரு சதுர இடம் விட்டிருப்பார்கள். என்ன எழுத்து என்று ஓவியருக்குத் தெரிய நடுவில் சின்னதாக அச்சிட்டும் வைப்பார்கள். ஒரு பிரதியில் அந்த இடத்தில் பொன்னும் நீலமும் இருக்கலாம். இன்னொன்றில் அந்தச் சின்ன எழுத்து மட்டும் இருக்கலாம். அங்கிருந்து பக்கத்தின் ஓரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள்.

வணக்கம்.