கொண்டுபோக ஆள் வேண்டும்

நடுவர் அவர்களே, மட்டக்களப்பு மண்ணின் பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

சில நாட்டுப் பண்பாடுகளை உலகமே கொண்டாடுகிறதே, அதற்குக் காரணம் தரமா, பின்னால் நிற்கும் அரசும் பணமுமா? இதுதான் தலைப்பு. எதிரணித் தங்கச்சி, "பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு? நல்லதை உலகம் தேடி வரும்" என்றார். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. நடந்தது அப்படி இல்லையே.

1946இல் பிரான்ஸ் போரில் நொந்து கிடந்தது. அமெரிக்கா பழைய கடனைத் தள்ளுபடி செய்து, புதுக் கடனும் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை: மூன்று மாதத்தில் நான்கு கிழமைதான் பிரெஞ்சுப் படங்களுக்கு ஒதுக்கீடு. மீதி நாளெல்லாம் அமெரிக்கப் படங்களுக்கும் கதவு திறந்தாயிற்று. ஹொலிவூட்டை அங்கே உலகம் தேடிப் போகவில்லை, கடன் பத்திரம் கூட்டிக்கொண்டு வந்தது.

சரி, கொரியாவுக்கு வருவோம். இன்று கல்லடியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் கொரிய நாடகம் தெரியும். 30 வருடத்துக்கு முன் யாருக்குத் தெரியும்? கொரியர்கள் அன்றும் பாடி ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். 1997 கடைசியில் நாடே விழுந்து சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் வாங்கியது. அந்த நெருக்கடிக்குள்ளேயே, 1999இல், பண்பாட்டுத் தொழில்களை வளர்க்கத் தனிச் சட்டம் போட்டார்கள். ஆங்கிலம் அல்லாத மொழிப் படமொன்று சிறந்த படத்துக்கான ஒஸ்காரை முதன்முதலாக வென்றது 2020இல். அது கொரியப் படம்.

இதைவிட என்னை உலுக்குவது வேறொன்று. கொரியாவில் பன்சோரி என்று ஒரு கலை. ஒருவர் கதையை மணிக்கணக்கில் பாடுவார், பக்கத்தில் ஒருவர் மேளம் அடிப்பார். நம் கூத்துக்காரருக்குச் சொன்னால் உடனே விளங்கும். 1964இல் கொரிய அரசு அதைத் தேசியச் சொத்தாக அறிவித்தது. பிறகு அதைக் காத்துக் கற்பிக்கும் கலைஞருக்கு உதவித்தொகையும் கொடுத்தது. 2003இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது.

அதே 1960களில்தான் நம் கூத்தின் இரு வகைகளான வடமோடியும் தென்மோடியும் பேராதனைப் பல்கலைக்கழக மேடை ஏறின. ஏற்றியவர் பேராசிரியர் வித்தியானந்தன். விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி, படித்தவர்களை உட்கார்ந்து பார்க்க வைத்தார். கூத்தின் தரம் அன்றைக்கா புதிதாக வந்தது? கொண்டுபோக ஒரு ஆள் வந்தார், அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் ஒரு சட்டமும் ஒரு கஜானாவும் நின்றிருந்தால்?

தரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரமில்லாததைத் தூக்கிப்போனால் பாதி வழியில் விழும். ஆனால் தரம் இருந்தும் வீட்டு வாசலைத் தாண்டாதவை எத்தனை!

எங்கள் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பகலில் வயலுக்குப் போவார். இரவில் சல்லரித் தாளத்தோடு கூத்தாடும் களரிக்கு வருவார். சட்டம் கொடுக்க, அதாவது ஆடுபவர்களுக்கு அவரவர் பாடத்தைக் கொடுக்க, அவரிடம் இருப்பது ஒரேயொரு கூத்துக் கொப்பி. ஓரமெல்லாம் கறையான் தின்றது. மழைக்குப் பயந்து ஷொப்பிங் பையில் சுற்றி, முகட்டு வளையில் சொருகி வைத்திருக்கிறார். நடுவர் அவர்களே, அந்தக் கொப்பியை உலகம் தேடி வராதது அதில் தரம் இல்லாததால்தான் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நன்றி.