உறையில் இல்லாத பெயர்கள்

அவையோருக்கு வணக்கம்.

என்னை இசை ஆய்வாளர் என்று அறிமுகம் செய்தார்கள். பெரிய வார்த்தை. எனக்கு ஒரு சுரம்கூட நேராக நிற்காது. நான் வெறும் ரசிகன். அதிலும் பாப், ராக் பாடும் பெண்களின் ரசிகன். பன்னிரண்டு வயதில் பிடித்த பித்து, அறுபதைத் தாண்டியும் தெளியவில்லை.

தொடங்கி வைத்தவர் அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர். மேல்நாட்டுப் பாட்டு என்றாலே கூச்சல் என்று நினைத்திருந்த பையனின் காதருகே உட்கார்ந்து, தணிந்த குரலில் யாரோ பேசுவதுபோல் இருந்தது. அவர் முதலில் டிரம்ஸ் கலைஞர் என்பதும், தம்மை அப்படியே கருதிக்கொண்டார் என்பதும் வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. டிரம்ஸுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை என்று அவரை எழுப்பி மேடை முன்னால் நிறுத்திவிட்டார்கள். 1983-ல், 32 வயதில் போய்ச் சேர்ந்தார்.

இத்தனை நாள் கேட்டும் இது தெரியாமல் போயிற்றே என்ற வெட்கத்தில், இசைத்தட்டின் உறையைப் புரட்டிச் சிற்றெழுத்துகளைப் படிக்கும் பழக்கம் வந்தது. அங்கேதான் வம்பு. 1962-ல் ‘ஹி இஸ் எ ரெபல்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. உறையில் இருந்த பெயர் கிரிஸ்டல்ஸ் குழு. பாடியவரோ டார்லீன் லவ். அவர் அந்தக் குழுவிலேயே இல்லை! தாங்கள் பாடாத பாட்டை அந்தக் குழுப் பெண்கள் மேடைதோறும் பாட வேண்டி வந்தது. யாருக்காகப் பரிதாபப்படுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அடுத்தது, நான் ஆயிரம் முறையாவது கேட்டிருக்கும் குரல். 1969. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினருக்கு ‘கிம்மி ஷெல்டர்’ பாட்டில் ஒரு பெண் குரல் தேவைப்படுகிறது. நள்ளிரவில் மெர்ரி கிளேட்டனுக்குத் தொலைபேசி போகிறது. அவர் நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு, இரவு உடையோடு ஸ்டூடியோவுக்கு வருகிறார். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். ஒவ்வொரு முறையும் குரல் ஏறுகிறது. ஏறி, ஓரிடத்தில் உடைந்துவிடுகிறது. வேறு யாராக இருந்தாலும் மறுபடி பாடச் சொல்லியிருப்பார்கள். அந்த உடைசலை அப்படியே விட்டுவைத்தார்கள். கூர்ந்து கேட்டால், பின்னால் ஓர் ஆண் குரல் வியப்பில் கூவுவதும் கேட்கும். இவ்வளவுக்கும் பிறகு, அந்த இசைத்தட்டின் முதல் பதிப்பில் அவர் பெயரை ‘மேரி’ என்று தவறாக அச்சிட்டார்கள்.

பாடகி கிளேர் டோரிக்குப் பெயர் மட்டும் சரியாக இருந்தது. 1973-ல் பிங்க் ஃப்ளாய்டு ராக் குழுவுக்காக, ஒரு சொல்கூட இல்லாமல், அழுகையும் ஆவேசமுமாக ஒரு முழுப் பாட்டையும் தாமே கற்பனை செய்து பாடினார். கூலி 30 பவுண்டு. அந்தப் பாட்டை உருவாக்கியதில் தமக்கும் பங்குண்டு என்று 2004-ல் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு சமரசம் ஆனது. இப்போது இயற்றியவர்கள் வரிசையிலும் அவர் பெயர் இருக்கிறது. முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

டினா டர்னரின் கதை இன்னும் விசித்திரம். அன்னா மே புல்லக் என்ற பெண்ணுக்கு அந்த மேடைப் பெயரைச் சூட்டியவர், பின்னாளில் அவர் கணவரான இசைக்கலைஞர் ஐக் டர்னர். இவள் விலகினால் இன்னொருத்தியை அதே பெயரில் நிறுத்தலாம் என்று பெயரை வணிகக் குறியாகப் பதிவும் செய்துவைத்தார். அடி உதைக்குத் தப்பி ஓடிய டினா, 1978-ல் மணவிலக்கின்போது பணத்துக்காக மல்லுக்கட்டவில்லை. அந்தப் பெயரைத் தம்மோடு கொண்டுபோனார். 1984-ல், 44 வயதில், அதே பெயரில் அமெரிக்கப் பட்டியலின் உச்சியில் இருந்தார்.

“பெண்கள் மட்டும் ஏன்?” என்று கேட்பவர்கள் உண்டு. கொள்கை ஒன்றும் இல்லை. காது அங்கே போகிறது, நான் பின்னால் போகிறேன். எல்லோரையும் உடனே பிடித்துவிட்டதும் இல்லை. ராக் பாடகி ஜானிஸ் ஜோப்லினின் கரகரப்பு எனக்கு நாற்பது வயதுவரை தாங்கவில்லை. பிறகு ஒரு செய்தி தெரிந்தது. புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1937-ல் இறந்தபின் அவர் கல்லறை பெயர்க்கல்லே இல்லாமல் கிடந்தது. 1970 ஆகஸ்டில் அங்கே கல் வைக்கப் பணம் கொடுத்த இருவரில் ஜானிஸ் ஒருவர். இரண்டு மாதத்தில், 27 வயதில், அவரும் இறந்தார். அவர் சாம்பலைப் பசிபிக் கடலில் தூவினார்கள். அதன் பிறகு அந்தக் கரகரப்பு எனக்கு உறுத்தவில்லை.

நேரமாகிவிட்டது என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஒரே ஒரு நிமிடம் கொடுங்கள். மெர்ரி கிளேட்டனின் குரல் உடையும் இடத்தை மட்டும் ஒலிக்க விடுகிறேன். பின்னால் அந்தக் கூவல் கேட்கிறதா என்று பாருங்கள்.