அயர்ன் பண்ண ஏன் இவ்வளவு நேரம் ஆகுது? கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்தத் தடவை வந்த கேள்வியை முதல்ல படிச்சிடறேன். "வாரத்துல ஒரு நாள் 20, 25 துணியை மொத்தமா வச்சுத் தேய்க்கிறேன். 3 மணி நேரம் ஆகுது, தோள்பட்டை விட்டுப்போகுது. சீக்கிரம் முடியும்னு ஸ்டீம் அயர்ன் வாங்கினேன். நேரம் ஒண்ணும் குறையல. அதுலேருந்து பழுப்பா தண்ணி வேற சொட்டுது. கறுப்பு பேன்ட் எல்லாம் தேய்க்கத் தேய்க்க மினுமினுன்னு ஆகுது. எங்க தப்பு?"

தோள்பட்டை வலிக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. அழுத்தித் தேய்க்கிறீங்க. அழுத்த வேண்டி வருதுன்னா துணி நல்லா காய்ஞ்சு கிடக்குதுன்னு அர்த்தம். காட்டன் துணியில சுருக்கத்தை எடுக்கிறது உங்க கை பலம் கிடையாது. துணிக்குள்ள இருக்கிற ஈரம்தான்.

எப்படின்னு கேட்டா, பருத்தி நூல் செல்லுலோஸால ஆனது. அந்த மூலக்கூறு எல்லாம் நீளநீளமா, ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு இருக்கும். ஹைட்ரஜன் பிணைப்புன்னு சொல்லுவாங்க. துணி கசங்கின நிலையிலயே காய்ஞ்சா, பிடி அந்தக் கசங்கல்லயே இறுகிடும். தண்ணி உள்ள போனா பிடி தளரும். அப்புறம் சூடு பட்டு அந்தத் தண்ணி வெளிய போகும்போது, துணி எந்த நிலையில இருக்கோ அதே நிலையில மறுபடி இறுகிக்கும். ஆக, அயர்ன் பாக்ஸுக்கு வேலை ரெண்டே ரெண்டு. துணியைத் தட்டையாப் பிடிச்சு வைக்கணும், அப்படியே காய வைக்கணும். ரெண்டாவதை நிறைய பேர் மறந்துடறாங்க. ஸ்டீம் விட்டுட்டு, துணி இன்னும் ஈரமா இருக்கும்போதே மடிச்சு அலமாரியில வச்சிடறாங்க. மறுநாள் எடுத்தா மறுபடி சுருக்கம்.

பாலியஸ்டர் வேற ஜாதி. சாதாரண காத்துல பருத்தி தன் எடையில 8 சதவீதம் வரைக்கும் ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம் கூடப் பிடிக்காது. அதனால அதுக்குத் தண்ணி தெளிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. அது 70, 80 டிகிரிக்கு மேல இளகும், ஆறினதும் அந்த வடிவத்துலயே நிக்கும். லேசான சூடு, நல்லா ஆற விடறது, இதுதான் அதுக்கு.

சரி, ஈரத்துக்கு வருவோம். முக்கால் நேரத்தை மிச்சப்படுத்தற இடம் இதுதான். கொடியில போட்ட காட்டன் சட்டை முழுக்க மொறமொறன்னு காயறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. தொட்டா குளிர்ச்சியா இருக்கணும், கையில தண்ணி ஒட்டக் கூடாது. அந்தப் பதம். அப்பவே தேய்ச்சா ஒரு பகுதிக்கு ரெண்டு ஓட்டம் போதும். முழுக்க காய்ஞ்ச சட்டையில அதே இடத்தை ஏழெட்டு தடவை இழுத்தாலும் கோடு போகாது.

அந்தப் பதத்துல எடுக்க முடியலையா? தேய்க்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி எல்லாக் காட்டன் துணியையும் ஸ்ப்ரே பாட்டிலால நனைங்க. ஒரு சட்டை 200, 250 கிராம் இருக்கும். அதுக்கு 30லேருந்து 40 மில்லி தண்ணி போதும். வெதுவெதுப்பான தண்ணியா இருந்தா சீக்கிரம் ஊறும். பூத்தூவல் மாதிரி பரவலா விழணும், சொட்டுச் சொட்டா விழக் கூடாது. தெளிச்சுட்டுத் தேய்க்க ஓடாதீங்க, இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. தெளிச்ச உடனே தண்ணி மேலாப்புல புள்ளி புள்ளியா நிக்கும். பெட்டி பட்டதும் ஆவியாப் போயிடும், நூலுக்குள்ள இறங்காது. சட்டையைச் சுருட்டி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு மூடி வைங்க. ஒரு மணி நேரத்துல ஈரம் சமமாப் பரவிடும். ராத்திரி முழுக்க மட்டும் விட்டுடாதீங்க, பூஞ்சை வாடை வந்துடும்.

இன்னொரு படி பின்னாடி போனா துவைக்கிற இடம். வாஷிங் மெஷின்ல ஸ்பின் வேகத்தை எப்பவும் 1000, 1200லயே வச்சிருப்பீங்க. சட்டைக்கு மட்டும் 600க்குக் குறைச்சுப் பாருங்க. வேகமா சுத்தும்போது துணி டிரம் சுவத்தோட ஒட்டி, மடிஞ்ச இடத்துல மடிஞ்சபடியே நசுங்குது. குறைச்சா காய கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அது நீங்க நிக்கிற நேரம் இல்லையே. டிரம்மைத் திணிச்சு நிரப்பாதீங்க, மூணுல ரெண்டு பங்கு போதும். மெஷின் நின்னதும் எடுத்துடுங்க, உள்ளயே ஒரு மணி நேரம் கிடந்தா அந்தக் கசங்கல் பலமா விழும். எடுத்ததும் ரெண்டு உதறு, காலரையும் பட்டன் பட்டியையும் கையால இழுத்து நேராக்கி ஹேங்கர்ல மாட்டுங்க. ஒரு துணிக்கு 15 செகண்ட். கிளிப் மாட்டறதா இருந்தா சட்டையைத் தலைகீழா, அடி ஓரத்துல மாட்டுங்க. தோள்ல கிளிப் தடம் விழுந்தா அதுக்குத் தனியா தேய்க்கணும்.

அடுத்தது வரிசை. துணியோட லேபிள்ல அயர்ன் படத்துக்குள்ள புள்ளி போட்டிருக்கும். ஒரு புள்ளின்னா 110 டிகிரி வரைக்கும், ரெண்டுன்னா 150, மூணுன்னா 200. நைலான், அக்ரிலிக் எல்லாம் ஒண்ணு. பாலியஸ்டர், பாலி-காட்டன் கலவை, கம்பளி பெரும்பாலும் ரெண்டு. காட்டன், லினன் மூணு. பட்டு ஒண்ணாவும் இருக்கும் ரெண்டாவும் இருக்கும், லேபிளைப் பாருங்க. எப்பவும் சூடு குறைஞ்சதுலேருந்து ஆரம்பிச்சு மேல போங்க. பெட்டி சூடேறறது சட்டுன்னு ஆகும், ஆறறதுக்கு ரொம்ப நேரம். காட்டன் சட்டை முடிச்ச கையோட டயலைக் கீழ திருப்பிட்டு நைலானை எடுத்தீங்கன்னா, விளக்கு என்ன காட்டினாலும் தகடு இன்னும் கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். துணி ஒட்டி உருகறது பெரும்பாலும் இப்படித்தான். முதல் தடவை விளக்கு அணைஞ்சதும் ஆரம்பிக்காதீங்க. ஆரம்பத்துல டயல் அளவைத் தாண்டி ஒரு எகிறு எகிறும், ரெண்டாவது தடவை அணையட்டும். கடைசி ரெண்டு துணிக்கு, கைக்குட்டை மாதிரி மெல்லிசா எதையாவது வச்சுக்கிட்டு சுவிட்சை அணைச்சிடுங்க, இருக்கிற சூட்டுலயே முடியும்.

எதுமேல வச்சுத் தேய்க்கிறீங்கன்னு எழுதல. மெத்தை மேலன்னா இன்னிக்கே விட்டுடுங்க. அமுங்கற இடத்துல சுருக்கமும் கூடவே அமுங்கிடும், தட்டையாகாது. ஸ்டீம் எல்லாம் மெத்தைக்குள்ள போகும். மேஜைன்னா, கெட்டியான பருத்திப் போர்வையை நாலா மடிச்சு, மேல வெள்ளை காட்டன் விரிப்பு. சாய விரிப்பு வேண்டாம், ஈரச் சூட்டுல சாயம் சட்டைக்கு ஏறும். ஸ்டாண்ட் போர்டு இருந்தா உயரத்தை இடுப்பு மட்டத்துக்கு வைங்க. முதுகு வளையக் கூடாது, தோள் தூக்கி நிக்கக் கூடாது. உங்க வலியில ஒரு பங்கு இந்த உயரத்தாலயும் இருக்கலாம். விரிப்புக்கு அடியில அலுமினியம் ஃபாயில் போடலாமான்னு அடிக்கடி கேட்பாங்க. ட்ரை அயர்னுக்குப் போடலாம், சூடு கொஞ்சம் திரும்பி வரும். ஸ்டீம் அயர்னுக்கு வேண்டாம். ஆவி கீழ இறங்க வழியில்லாம துணியிலயே தங்கிடும், காயாது.

இப்ப சட்டை. சின்னப் பகுதி முதல்ல, பெரிய பகுதி கடைசியில. ஏன்னா காலரைத் தேய்க்கும்போது தொங்கற முதுகுப் பக்கம் எப்படியும் கசங்கும். காலரோட அடிப்பக்கத்தை முதல்ல, ரெண்டு முனையிலேருந்து நடுவை நோக்கி. நடுவுலேருந்து முனைக்குத் தள்ளினா மிச்சத் துணி முனையில போய் சுருங்கி ஒரு மடிப்பா உக்காந்துடும், அது வெளிய தெரியும். அப்புறம் தோள்பட்டைத் துண்டு, டெய்லருங்க யோக்னு சொல்றது. அதை போர்டோட கூர் முனையில மாட்டிக்கோங்க. கஃப் உள்பக்கம், பிறகு வெளிப்பக்கம். கை தேய்க்கும்போது அடித்தையலைப் பிடிச்சு முதல்ல நேரா வச்சிட்டீங்கன்னா மத்தது தானா படியும். தையல் கோணலா இருந்தா கையில ரெட்டைக் கோடு விழும். பட்டன் பட்டியை மேல்பக்கம் வச்சு ஒவ்வொரு பட்டனா சுத்தி நெளிஞ்சுக்கிட்டு இருக்காதீங்க. ஒரு டர்க்கி டவலை மடிச்சுப் போட்டு, பட்டன் கீழ பார்க்கிற மாதிரி கவிழ்த்து, பின்பக்கமாத் தேய்ங்க. பட்டன் டவல்ல புதைஞ்சிடும், பட்டி ஒரே இழுப்புல படியும். மீதி, ஒரு முன்பக்கம், முதுகு, இன்னொரு முன்பக்கம்னு சட்டையைச் சுத்திக்கிட்டே வந்தா முடிஞ்சுது.

பெட்டியைத் துணியோட நீளவாட்டு நூல் போற திசையில ஓட்டுங்க. மூலைவாட்டுல இழுத்தா துணி நீண்டு, ஓரம் அலை அலையா ஆகும். டி-ஷர்ட் மாதிரி பின்னல் துணியை இழுக்கவே கூடாது, வச்சு வச்சு எடுக்கணும். பிரின்ட் இருந்தா உள்பக்கம் திருப்பிடுங்க. ஸ்ப்ரே கஞ்சி போடறவங்க, அடிச்சுட்டு அரை நிமிஷம் ஊற விடுங்க. இல்லன்னா துணிக்குள்ள போகாம தகட்டுல ஒட்டிக் கருகும், அடுத்த வெள்ளைச் சட்டையில அந்தக் கருப்பு இறங்கும். பெட்ஷீட்டை நாலா மடிச்சு ரெண்டு பக்கமும் ஒரு ஓட்டு, அவ்வளவுதான். டவல், உள்ளாடை எல்லாம் தேய்க்கறது என்னைக் கேட்டா வீண் வேலை. உதறிக் காயப் போட்டு மடிச்சாலே போதும், உங்க 25ல அஞ்சாறு அங்கயே கழிஞ்சிடும்.

கறுப்பு பேன்ட் மினுங்கறதுக்குக் காரணம், துணி மேல இருக்கிற பூ மாதிரியான இழை சூடான தகட்டுல நசுங்கித் தட்டையாகுது. தட்டையானது வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி திருப்புது. பாலியஸ்டர் கலந்த துணியா இருந்தா நூலே லேசா இளகி வழவழப்பாகும், அதை முழுசா மீட்க முடியாது. இனிமே முடிஞ்ச வரைக்கும் உள்பக்கமாத் தேய்ங்க. வெளிப்பக்கம் தேய்ச்சே ஆகணும்னா நடுவுல ஒரு வெள்ளை காட்டன் துணி போடுங்க, நனைச்சு நல்லாப் பிழிஞ்சது. நடு மடிப்புக்கு, உள் தையலும் வெளித் தையலும் ஒண்ணு மேல ஒண்ணு உக்கார்ற மாதிரி காலை மடிச்சு, ஈரத்துணி மேல 5லேருந்து 10 செகண்ட் வச்சு எடுங்க, தேய்க்காதீங்க. பிறகு ஈரத்துணியை எடுத்துட்டு காய்ஞ்ச துணி போட்டு ஒரு தடவை. தேய்ச்ச கையோட போட்டுக்கிட்டா முட்டியில மடிப்பு கலைஞ்சிடும், 5 நிமிஷமாவது தொங்க விடுங்க.

ஸ்டீம் அயர்னுக்கு வர்றேன். தண்ணி ஏன் சொட்டுது? தகடு போதுமான சூட்டுல இல்லாம ஸ்டீமைத் திறந்தா, உள்ள விழற தண்ணி ஆவியாகாம அப்படியே வெளிய வரும். நிறைய பெட்டியில ரெண்டு புள்ளிக்குக் கீழ ஸ்டீம் வேலை செய்யாது, சிலதுல மூணுலதான். ஸ்டீம் பட்டனை விடாம அடிச்சாலும் தகடு குளிர்ந்து இதே கதைதான், ஒவ்வொரு அடிக்கும் நடுவுல நாலஞ்சு செகண்ட் விடுங்க. தொட்டியில மேக்ஸ் கோட்டைத் தாண்டி ஊத்தாதீங்க. ஓட்டற முறையும் இருக்கு. போகும்போது ஸ்டீம், திரும்பி வரும்போது ஸ்டீம் இல்லாம. அப்பதான் ஈரம் ஏறவும் செய்யும், காயவும் செய்யும். ஸ்டீம் வாங்கியும் நேரம் குறையாததுக்கு நான் சந்தேகப்படறது இதைத்தான். போக வர ரெண்டு பக்கமும் ஸ்டீம் விட்டா துணி ஈரமாவே நிக்கும்.

பழுப்பு நிறம், உப்புத் தண்ணியில இருக்கிற சுண்ணாம்புப் படிவு உள்ள சேர்ந்து, அதுல நார்த்தூசும் கஞ்சியும் கருகி உதிர்றது. தண்ணியில வாசனைத் திரவமோ வினிகரோ கலந்திருந்தா அதுவும் காரணம், எதையும் கலக்காதீங்க. உப்பு குறைஞ்ச, வடிகட்டின தண்ணி ஊத்துங்க. வேலை முடிஞ்சதும், மின்சாரத்தை எடுத்துட்டு, சூடா இருக்கும்போதே மீதித் தண்ணியைக் கொட்டிடுங்க. அடியில இருக்கிற ஈரம் அந்தச் சூட்டுலயே காய்ஞ்சிடும்.

இப்ப இருக்கிற அழுக்கை எடுக்க, செல்ஃப் கிளீன் பட்டன் இருக்கான்னு பாருங்க. தொட்டி நிறைய தண்ணி ஊத்தி, டயலை முழுசா ஏத்தி, விளக்கு ரெண்டு தடவை அணையற வரைக்கும் விடுங்க. பிளக்கை உருவிட்டு, சிங்க்குக்கு மேல படுக்கை வசமாப் பிடிச்சு பட்டனை அமுக்கி, முன்னும் பின்னும் மெதுவா ஆட்டுங்க. கொதிக்கிற தண்ணியும் ஆவியும் செதில் செதிலா அழுக்கோட வரும், கையை அடியில கொண்டு போகாதீங்க. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் ரெண்டு, மூணு தடவை பண்ணி, அப்புறம் ஒரு பழைய வெள்ளைத் துணியில ஸ்டீமோட ஓட்டிப் பாருங்க. அதுலயும் பழுப்பு வருதுன்னா தொட்டியில தண்ணியே ஊத்தாதீங்க, அந்தப் பெட்டியை ட்ரை அயர்னா வச்சுக்கோங்க. முன்னாடியே நனைச்சுச் சுருட்டி வச்ச துணிக்கு ஸ்டீமே தேவைப்படாது.